எண்ணெய் தின்னா வெயில் சுடாதா?

போன சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சின்னம்மா வீட்டுக்கு வந்துச்சு. வந்ததும் திண்ணையில உக்காந்து, முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த ஒரு சின்ன டப்பாவை அவுத்து என் கையில குடுத்து, "ஆத்தா, இது நல்ல மாத்திரைதானான்னு பாத்துச் சொல்லு, அறுநூறு ரூவா குடுத்து வாங்கிருக்கேன்"னுச்சு. நான் டப்பாவைப் பாக்கல, சின்னம்மா மூஞ்சியத்தான் பாத்தேன். நெத்தியும் மூக்குத்தண்டும் கன்னத்து மேடும் வீங்கி பளபளன்னு இருக்கு, நிறம் கருநீலமா எறங்கியிருக்கு, மூக்கு ஓரத்துல தோல் வெங்காயச் சருகு மாதிரி வழண்டு நிக்குது. புறங்கை ரெண்டும் அதே மாதிரி. உள்ளங்கைய திருப்பிக் காட்டச் சொன்னேன், அங்க ஒண்ணுமே இல்ல.

நான் ராமநாதபுரத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல 11 வருஷமா வேலை பாக்குறேன், ஃபார்மசி படிச்சவ. சொந்த ஊரு வேதாளைக்கும் மண்டபத்துக்கும் நடுவுல கடலோரம். அம்மாவும் சின்னம்மாவும் பாசிக்குப் போறவுக, அதாவது கடல்ல எறங்கி பாறையில ஒட்டியிருக்குற கடல்பாசிய முக்குளிச்சு அரிச்சு எடுத்துட்டு வர்ற வேலை. டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். மீன் எண்ணெய், ஒரு மாத்திரை 1000 மில்லிகிராம், அதுல இ.பி.ஏ 180 மில்லிகிராம், டி.எச்.ஏ 120 மில்லிகிராம் (ரெண்டும் மீன்ல இருக்குற ஒமேகா-3 கொழுப்பு), மொத்தம் 30 மாத்திரை. எங்க கடையிலயும் இதே மாதிரி பல கம்பெனிது இருக்கு, கெட்ட சரக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அதை வித்த விதம்தான் எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஊருக்குள்ள வேப்பமரத்தடியில மேஜை போட்டு ரெண்டு பேரு கூட்டம் நடத்தியிருக்காக, தெனம் ஒண்ணு போட்டா வெயில் தோலுக்குள்ள எறங்காது, மூஞ்சில துணிய சுத்திக்கிட்டு மூச்சு முட்ட வேண்டியதில்லன்னு சொல்லியிருக்காக, 14 பேரு வாங்கியிருக்காக. எல்லாம் பாசிக் காசு.

அது போதாதுன்னு சின்னம்மா மகன், என் தம்பி, வெளிநாட்டுல இருந்து ஒரு வீடியோ அனுப்பியிருக்கான். சன்ஃபிளவர், கடலையெண்ணெய் மாதிரி விதை எண்ணெய் சாப்பிடுறதாலதான் தோல் வெயில்ல வேகுது, அதை நிறுத்திட்டு தேங்காயெண்ணெயும் நெய்யும் மட்டும் சாப்பிட்டா ஒரு மாசத்துல எவ்வளவு வெயில்ல நின்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வெள்ளைக்காரர் சட்டை இல்லாம நின்னு பேசுறாரு, கீழ தமிழ்ல ஓடுது. அவன் அம்மா மேல உள்ள பாசத்துலதான் அனுப்பியிருக்கான், அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். சின்னம்மாவும் ரேஷன் பாமாயில பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டு, தேங்காயெண்ணெய் விக்கிற விலையில ஒரு லிட்டர் வாங்கி அதுலதான் மூணு வாரமா சமைச்சிருக்கு. மாத்திரையும் போட்டாச்சு, எண்ணெயும் மாத்தியாச்சு, அப்பறம் எதுக்கு துணின்னு அந்த வாரம் மூஞ்சில கட்டாமப் போயிருக்கு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இதுல எது உண்மை, எது பொய்னு எனக்கே முழுசாத் தெரியாம சின்னம்மாகிட்ட என்ன சொல்ல? அதுக்கப்பறம் ரெண்டு மாசம் கெடச்ச நேரத்துலல்லாம் உக்காந்து படிச்சேன். படிச்சதுல எனக்கு வெளங்குனத, எங்க ஊரு ஆளுகளுக்கு சொல்ற மாதிரியே இங்க எழுதுறேன்.

மொதல்ல எங்க ஊரு வெயில பத்தி சொல்லணும், ஏன்னா நான் படிச்ச எண்ணெய் ஆராய்ச்சி எல்லாம் நடந்தது வெயில் கொறஞ்ச வெளிநாட்டுல. மண்டபம் 9 டிகிரி சொச்சம் அட்சரேகையில இருக்கு. சித்திரை ஒண்ணாந்தேதி வாக்குல, அதாவது ஏப்ரல் 14ஐ ஒட்டி, மத்தியானம் 12 மணி 15 நிமிஷத்துக்கு சூரியன் சரியா தலைக்கு மேல வந்து நிக்கும். கரையில ஒரு கம்ப நட்டுப் பாத்தா நிழலே விழாது. நான் இந்த வருஷம் அப்பாவோட வலை காயப்போடுற கம்புக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன், நிழல் சுருங்கிச் சுருங்கி கம்போட காலடியில ஒரு கருப்பு வளையமா ஆகி அப்படியே மறைஞ்சு போச்சு. ஆவணி நடுவுல, ஆகஸ்ட் கடைசியில, மறுபடி ஒருதடவ அப்படி வரும். நிழல் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு புற ஊதாக் கதிர் காட்டமா எறங்குதுன்னு அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் யூவி இன்டெக்ஸ்னு ஒண்ணு வச்சிருக்கு, அதுல 11க்கு மேல போனா கடைசிப் படி. எங்க ஊர்ல மேகம் இல்லாத சித்திரை மத்தியானம் அதைத் தாண்டிரும். கமுதியில 648 மெகாவாட் சோலார் பிளான்ட் கொண்டாந்து வச்சதும் சும்மா இல்ல, அவ்வளவு வெயில் கொட்டுற மாவட்டம் இது.

அதுலயும் பாசிக்குப் போறவுக நிலைமை இன்னும் மோசம். கடல்ல நிக்கிறோம், தண்ணி குளிருது, வெயில் தெரியலன்னு அம்மா சொல்லும். தண்ணிக்குள்ள அரை மீட்டர் ஆழத்துலயும் புற ஊதா மேல இருக்குறதுல 40 சதவீதம் இருக்கும், மணல்ல இருந்து 15 சதவீதம் போல திரும்பி அடிக்கும், அலை நுரையில இருந்து 25 சதவீதம். அப்ப மேல இருந்தும் கீழ இருந்தும் வாங்குறாக. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி தண்ணி நல்லா வத்துற நாள்லதான் பாசி வேலை, காலையில எறங்குனா அஞ்சாறு மணி நேரம். குளிர்ச்சியா இருக்குறதால சூடு தெரியாது, சூடு தெரியலன்னா கதிர் இல்லன்னு நெனச்சுக்கிறோம். கதிர் வேற, சூடு வேற.

இப்ப எண்ணெய்க்கு வருவோம். சாப்பிடுற எண்ணெய்க்கும் தோலுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டா, நிச்சயமா இருக்கு. கேள்வி முட்டாத்தனமான கேள்வி இல்ல, அதை நான் அழுத்திச் சொல்றேன். நாம திங்கிற கொழுப்பு வயித்தோட போயிர்றதில்ல, கொழுப்பு அமிலமா ஒடைஞ்சு ரத்தத்துல ஓடி ஒவ்வொரு செல்லோட சவ்வுலயும் போய் உக்காருது. வெயில்ல இருக்குற யூவி-பிங்குற புற ஊதாக் கதிர் தோல் செல்ல அடிக்குது, மரபணுவுல முறிவு விழுது, செல் அலறி ஆளைக் கூப்புடுற மாதிரி ரசாயனத்தை வெளிய விடுது. அதுல முக்கியமானது ப்ரோஸ்டாகிளாண்டின் இ-2. அது ரத்தக்குழாய விரிச்சு விட்டுரும், தோல் சிவக்கும், வீங்கும், எரியும். அந்த எரிச்சல் உடனே வராது, பன்னெண்டு மணியில இருந்து ஒரு நாளைக்குள்ள உச்சத்துக்கு வரும், அதனாலதான் காலையில கடலுக்குப் போனவுக ராத்திரி பாயில படுத்தப்பறம் "முதுகு காந்துது"ன்னு சொல்றது. இந்த ப்ரோஸ்டாகிளாண்டின உடம்பு எதுல இருந்து செய்யுதுன்னா, செல் சவ்வுல இருக்குற அராக்கிடோனிக் அமிலம்ங்குற ஒமேகா-6 கொழுப்புல இருந்து. அதே சவ்வுல மீன்ல இருக்குற இ.பி.ஏ போய் எடம் புடிச்சுக்கிட்டா, ப்ரோஸ்டாகிளாண்டின செய்யுற அதே நொதி (என்சைம்) அதை எடுத்து அவ்வளவு காட்டமில்லாத வேற ஒண்ணைச் செய்யும். அப்ப சிவப்பு குறையணும்ல? அதுதான் யோசனை.

குறைஞ்சுச்சா? குறைஞ்சுச்சு. இங்கிலாந்துல லெஸ்லி ரோட்ஸ்ங்குற தோல் மருத்துவ விஞ்ஞானியும் அவுக கூட்டாளிகளும் 1994ல ஒரு ஆய்வு வெளியிட்டாக. 15 பேருக்கு தெனம் 10 கிராம் மீன் எண்ணெய், மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசம். தோல்ல சின்னச் சின்னக் கட்டமா யூவி-பி அடிச்சு, எவ்வளவு அடிச்சா லேசா சிவக்குதுன்னு மாசா மாசம் அளந்துருக்காக. ஆரம்பத்துல சராசரியா 18.9 மில்லிஜூல்ல (கதிரோட சக்திய அளக்குற அளவு) சிவந்த தோல், ஆறு மாசத்துல 41.1க்கு வந்தாத்தான் சிவந்துச்சு. ரெண்டு மடங்குக்கும் மேல! நான் இதைப் படிச்சப்ப மேஜை போட்டு வித்த ஆளுக சொன்னது உண்மையோன்னு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். அப்பறம் அடுத்த வரிய படிச்சேன். எண்ணெய நிறுத்துன பத்தே வாரத்துல 23.1க்கு எறங்கிருச்சு. இன்னொண்ணு, தோல்ல ஒமேகா-3 கூடக் கூட கதிர் பட்ட எடத்துல கொழுப்பு கெட்டுப்போறதும் கூடியிருந்துச்சு, மீன் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்ல, அதே கதைதான் தோலுக்குள்ளயும். அந்த எண்ணெய் தன்னைக் குடுத்து மத்ததைக் காப்பாத்துதான்னு ஒரு கருத்தும் இருக்கு.

அதே ரோட்ஸ் குழு 2003ல 42 ஆரோக்கியமான ஆளுகள வச்சு இன்னும் நேர்த்தியா செஞ்சாக. பாதிப் பேருக்கு தெனம் 4 கிராம் சுத்தமான இ.பி.ஏ, மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பாக்க 4 கிராம் ஓலியிக் அமிலம்ங்குற வேற கொழுப்பு, மூணு மாசம். இ.பி.ஏ சாப்பிட்டவுகளுக்கு சிவக்குற அளவு 36ல இருந்து 49 மில்லிஜூலுக்கு ஏறுச்சு. கணக்குப் போட்டா ஒண்ணேகால் மடங்கு, ஒண்ணரை மடங்குக்கு நடுவுல. சன்ஸ்கிரீன் டியூப்ல 30, 50ன்னு போட்டுருக்குமே, அந்தக் கணக்குல பாத்தா இது ஒண்ணரைகூட இல்ல. சிவப்பு மட்டுமில்ல, மரபணு சேதம் காட்டுற சில அடையாளங்களும் குறைஞ்சுச்சு, அது நல்ல சேதிதான், நான் மறைக்க மாட்டேன். ஓலியிக் அமிலம் சாப்பிட்டவுகளுக்கு ஒரு மாத்தமும் பெருசா இல்ல. இந்த ஓலியிக் எங்க இருக்குன்னு நெனைக்கிறீங்க? ஆலிவ் எண்ணெயில நெறைய, நம்ம கடலையெண்ணெயிலயும் கிட்டத்தட்ட பாதி அதுதான்.

இப்ப சின்னம்மா டப்பாவைக் கையில எடுங்க. ஒரு மாத்திரையில இ.பி.ஏ 180 மில்லிகிராம். 2003 ஆய்வுல குடுத்த 4 கிராம் வேணும்னா ஒரு நாளைக்கு 22 மாத்திரை முழுங்கணும். 1994 ஆய்வு மாதிரி 10 கிராம் எண்ணெய்னா தெனம் 10 மாத்திரை, டப்பா மூணே நாள்ல காலி, அப்படி மூணு மாசம் ஓட்டணும்னா 30 டப்பா, 18,000 ரூவா. தெனம் ஒண்ணு போட்டுட்டு துணிய அவுத்துட்டுப் போன்னு சொன்னது எந்த ஆய்வுலயும் இல்ல. நான் திண்ணையில உக்காந்து இந்தக் கணக்கை ஒரு பழைய காலண்டர் தாள்ல போட்டுக் காட்டுனப்ப சின்னம்மா ஒண்ணும் பேசல, தாளை மடிச்சு டப்பாவுக்குள்ளயே வச்சுக்கிருச்சு. அப்பறம் இன்னொண்ணும் சொல்றேன், கடையில தெனம் பாக்குறதால: வார்ஃபாரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவுக மீன் எண்ணெய டாக்டர்கிட்ட கேக்காம அள்ளிப் போட்டுறக் கூடாது, அளவு கூடுனா இதயத்துடிப்பு தாறுமாறா ஆகுற ஆபத்தும் சிலருக்கு உண்டு.

தக்காளி விஷயம் ஒண்ணு இருக்கு, இது எனக்குப் பிடிச்சது. ஜெர்மனியில டசல்டார்ஃப் பல்கலைக்கழகத்துல 2001ல வந்த ஆய்வு. ஒரு கூட்டத்துக்கு தெனம் 40 கிராம் தக்காளி விழுத 10 கிராம் ஆலிவ் எண்ணெய் ஊத்தி, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் ஆலிவ் எண்ணெய் மட்டும். நாலாவது வாரத்துல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. பத்தாவது வாரத்துல தக்காளி சாப்பிட்டவுகளுக்கு சிவப்பு 40 சதவீதம் கம்மி. அதுக்குக் காரணம் தக்காளிக்கு நிறம் குடுக்குற லைக்கோபீன்னு சொல்றாக. ஆனா லைக்கோபீன் எண்ணெயில கரையுற பொருள், வேக வச்சு எண்ணெய் சேத்தாத்தான் ஒழுங்கா உடம்புல ஒட்டும். அப்ப எண்ணெய் அங்க வண்டி மட்டும்தான், சரக்கு தக்காளி. வெறும் வண்டிய மட்டும் வாங்குன கூட்டத்துக்கு ஒண்ணும் கெடைக்கல பாருங்க. எங்க வீட்டு மீன் குழம்புல தக்காளிய நல்லெண்ணெயில சுருள வதக்கி எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் விட்டு அப்பறம்தான் புளி ஊத்துவோம், மண்சட்டி ஓரத்துல செவசெவன்னு ஒரு வளையம் நிக்கும். அந்தச் செவப்பு எண்ணெய்தான் அந்த வண்டியும் சரக்கும். இதுக்குன்னு தனியா எதுவும் வாங்க வேண்டியதில்ல.

தம்பி அனுப்புன வீடியோவுக்கு வர்றேன். விதை எண்ணெய்ல லினோலிக் அமிலம்ங்குற ஒமேகா-6 கொழுப்பு இருக்கு, அது வெயில்ல சீக்கிரம் கெடும், அதனால தோல் வேகுதுங்குறாங்க. கேக்க சரியாத்தான் இருக்கு, எலிகள்ல கொழுப்ப மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்த ஆய்வுகளும் இருக்கு. ஆனா மனுசங்கள விதை எண்ணெய நிறுத்தச் சொல்லி வெயில்ல வச்சு அளந்து, இதோ சுடலன்னு காட்டுன ஆய்வு ஒண்ணுகூட என் கண்ணுல படல. அதோட லினோலிக் அமிலம் விஷம் இல்ல. 1929ல அமெரிக்காவுல ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு எலிக்கு கொழுப்பே இல்லாத தீனி போட்டுப் பாத்தாக, எலியோட தோல் செதில் செதிலாப் போச்சு. அப்படித்தான் சில கொழுப்பு அமிலம் உடம்புக்கு அத்தியாவசியம்னே தெரிஞ்சுச்சு, அதுல ஒண்ணு இந்த லினோலிக். நம்ம மேல்தோல் தண்ணி கசியாம இருக்குறதே அதை வச்சுத்தான்.

இன்னொரு கோணம். எள்ளு விதையா இல்லையா? எள்ளோட நெய்தான் எண்ணெய்ன்னே பேராச்சு நம்ம மொழியில. அந்த நல்லெண்ணெய்ல நாப்பது சதவீதத்துக்கு மேல லினோலிக்தான். ஆனா வீடியோவைப் பாத்துட்டு சின்னம்மா தூக்கிக் குடுத்த பாமாயில் விதையில இருந்து வர்றதே இல்ல, பனம்பழம் மாதிரி ஒரு பழத்தோட சதையில இருந்து எடுக்குறது, லினோலிக் அதுல பத்து சதவீதம் போலதான். லிட்டர் 25 ரூவாய்க்கு ரேஷன்ல கெடைக்கிறதை விட்டுட்டு, இல்லாத ஒரு எதிரிக்காக தேங்காயெண்ணெய்க்கு அவ்வளவு காசைக் குடுத்துருக்கு. தேங்காயெண்ணெய் கெட்டதுன்னு நான் சொல்லல, ருசிக்கு வேணும்னா ஊத்திக்கலாம். வெயிலுக்குன்னு ஊத்தாதீங்க.

எங்க அப்பத்தா 80 வயசு வரைக்கும் இருந்துச்சு. ரிஃபைண்ட் ஆயில்னா என்னன்னே தெரியாது. செக்குல ஆட்டுன நல்லெண்ணெய், தெனம் மீன், கேப்பக்களி, கருப்பட்டி. நல்லெண்ணெயத் தவிர வீடியோக்காரர் குத்தம் சொல்ற எந்த எண்ணெயும் அது தொட்டதில்ல. அப்பத்தாவுக்கு நான் தலை சீவி விடுவேன், அப்ப கழுத்துக்குப் பின்னாடி தோலப் பாப்பேன். வெடிச்ச கண்மாய்க் கரம்பை மாதிரி, ஆழமா கோடு கோடா, கட்டம் கட்டமா, தொட்டா தடிப்பா. ரவிக்கை மறைச்ச எடத்துல முதுகுத் தோல் எழுவத்தஞ்சு வயசுலயும் பட்டு மாதிரி இருந்துச்சு. ஒரே ஆளு, ஒரே சாப்பாடு, ஒரே எண்ணெய். துணி இருந்த எடம், இல்லாத எடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கதான் எனக்கு ரொம்ப நாளா மனசுல கெடந்த ஒண்ணை சொல்லணும். மேல நான் சொன்ன ஆய்வு எல்லாத்துலயும் அளவுகோல் என்ன? சிவப்பு. தோல் எப்ப சிவக்குது, எவ்வளவு சிவக்குது. எங்க அம்மா தோல் என்னைக்கு சிவந்துருக்கு? அது கருக்கும். ஏற்கெனவே கருப்பா இருக்குறது இன்னும் கருக்கும், அம்புட்டுதான் வெளிய தெரியும். உலகம் முழுக்க டாக்டருங்க பயன்படுத்துற தோல் வகைப் பட்டியல் 1975ல தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் போட்டது, முதல்ல அது வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான், பழுப்பும் கருப்பும் பின்னாடி சேத்தது. நம்ம தோல்ல மெலனின் கூட, அது உண்மையிலேயே பெரிய கொடை. 1979ல ஒரு அளவீடு, வெள்ளை மேல்தோல் வழியா யூவி-பி 24 சதவீதம் உள்ள போகுது, கருப்பு மேல்தோல் வழியா 7 சதவீதம் சொச்சம்தான் போகுது. நாம ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ. எந்த மீன் எண்ணெய் ஆய்வும் அந்த அளவு பாதுகாப்பக் குடுத்தது இல்ல. ஆனா உள்ள போற பங்கு போகுதுல்ல? வேலைக்குப் போற நாளெல்லாம் அஞ்சு மணி நேரம், முப்பது வருசம் போகுது. சிவப்பு தெரியலங்குறதுக்காக சேதம் இல்லன்னு ஆயிருமா? அம்மாவுக்கு கன்னத்துல மங்கு விழுந்து பதினஞ்சு வருசமாச்சு. அதை யாரும் வெயில் காயம்னு சொன்னதில்ல, "வயசானா வரும்", "கல்லீரல் கோளாறு", "கண்ணு பட்டுருச்சு", இப்படித்தான் சொன்னாக. ஒருதடவ ஒரு ஆஸ்பத்திரியில முதுகு எரியுதுன்னு அம்மா சொன்னதுக்கு, செவக்கலையேம்மான்னு அனுப்பி விட்டாக. அன்னைக்கு ராத்திரி அந்த முதுகுல படுக்க முடியாம அம்மா உக்காந்தே இருந்துச்சு, நான் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தேன். அந்த எரிச்சலை எந்த மில்லிஜூல்ல எழுதுறது?

எரிச்சல் குறையுறதும் சேதம் குறையுறதும் ஒண்ணு இல்ல, இதை நான் திரும்பத் திரும்ப சொல்வேன். ப்ரோஸ்டாகிளாண்டின் குறைஞ்சா எரியாது, வலி மாத்திரை போட்டாலும் கொஞ்சம் அப்படித்தான். எரியாததால இன்னும் ரெண்டு மணி நேரம் கூட நிப்போம். அந்த ரெண்டு மணி நேரம்தான் எனக்குப் பயம்.

சின்னம்மா மூஞ்சி வெந்ததுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு, அது மறுநாள்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. பங்குனி கடைசியில சின்னம்மாவுக்கு காய்ச்சல். வீட்டுல இருந்த மாத்திரை அட்டைய எல்லாம் கொண்டாரச் சொன்னேன், பாதி பிரிச்ச டாக்சிசைக்ளின்ங்குற ஆன்டிபயாடிக் இருந்துச்சு. சில காய்ச்சலுக்கு அது சரியான மாத்திரைதான், ஆனா அதைச் சாப்பிடுற நாள்ல வெயில்ல நின்னா தோல் சாதாரணமா வேகுறதை விட ரொம்பக் கூடுதலா வேகலாம். பிரசருக்கு குடுக்குற ஹைட்ரோகுளோரோதயசைடும் அப்படி, சில மூட்டுவலி மாத்திரையும் அப்படி. வெயில்ல போகாதீகன்னு யாரும் சின்னம்மாகிட்ட சொல்லல, பாசிக்குப் போறவளா நீன்னு யாரும் கேக்கவும் இல்ல. நான் இப்ப எங்க கடையில டாக்சிசைக்ளின் சீட்டு வந்தா ஆளோட கையைப் பாக்குறேன். மணிக்கட்டுல ரெண்டு நிறம் இருந்தா, சட்டைக்கை முடியுற எடத்துல கோடு போட்ட மாதிரி, அவுக உப்பளமோ பாசியோ கரிமூட்டமோ. அவுகள நிப்பாட்டி சொல்லித்தான் அனுப்புறேன். பின்னாடி வரிசை நிக்கும், நின்னாலும் பரவாயில்ல.

சாப்பாட்டுல மீன் வேணாம்னு நான் சொல்லவே இல்ல. வருத்தம் என்னன்னா, மீன் பிடிக்கிற வீட்டுலயே மீன் தங்க மாட்டேங்குது. கொழுத்த காலத்து மத்தி, நாங்க பேச்சாளைம்போம், தோசைக்கல்லுல எண்ணெயே ஊத்தாமப் போட்டா அதோட எண்ணெயிலயே அது பொரியும், கல்லுல இருந்து வழிஞ்சு அடுப்புல விழுந்து தீ குப்புன்னு எழும். நூறு கிராம் மீன்ல இ.பி.ஏ, டி.எச்.ஏ ரெண்டும் சேந்து ஒண்ணு ரெண்டு கிராம் வரும், பருவத்துக்குத் தக்கன கூடும் குறையும். அந்த டப்பா மாத்திரை அஞ்சாறுக்கு சமம், தட்டுல ரெண்டு மீன்ல. கும்புளாவும் நல்ல மீன்தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடை, அப்ப நாட்டுப்படகு மீன் விலை ஏறும், வீட்டுக்குன்னு ஒதுக்குறதும் வித்துரும். வித்த காசுல மீன் எண்ணெய் மாத்திரை வாங்குறாகன்னு நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது. இதயத்துக்கு, கண்ணுக்கு, வயித்துல இருக்குற புள்ளைக்கு, எல்லாத்துக்கும் அந்த மீனு நல்லது. வெயிலுக்கு அது ஒரு கைத்தாங்கல், குடை இல்ல.

குடைன்னா துணிதான். அம்மா பாசிக்குக் கெளம்புறத நான் சின்ன வயசுல இருந்து பாக்குறேன். வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சு, சேலை மேல அப்பாவோட பழைய முழுக்கைச் சட்டைய மாட்டி, பட்டனை கழுத்து வரைக்கும் போட்டு, பாறை கிழிக்காம இருக்க விரலுக்கு விரல் துணியக் கிழிச்சு சுத்தி, பல்லால கடிச்சு முடிச்சு போடும். கடைசியா தலையில ஒரு துண்டு, மூக்கு வாய மறைச்சு இன்னொரு துண்டு. கண்ணு மட்டும்தான் தெரியும், அதுலயும் கண்ணாடிய மாட்டிரும். துணியிலயும் விஷயம் இருக்குன்னு இந்த ரெண்டு மாசத்துலதான் படிச்சேன். மெல்லிசான வெள்ளை பருத்தித் துணி காஞ்சிருக்கும்போது ஏதோ தடுக்கும், நனைஞ்சா தடுக்குறதுல பாதி போயிரும், கதிர் உள்ள எறங்கிரும். நெருக்கமா நெய்த, அடர்ந்த நிறத்து பாலியஸ்டர் நனைஞ்சாலும் நல்லாத் தடுக்கும். அப்பாவோட அந்த கருநீலச் சட்டை சரியான துணி, மூஞ்சில கட்டுற வெள்ளைத் துண்டுதான் தப்பு. சன்ஸ்கிரீன் நல்லதுதான், மங்குக்கு அது வேணும்தான், ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ தடவணும், நடுக்கடல்ல உப்புத்தண்ணியில ஊறுன கையோட யாரு தடவுறது, டியூப் எத்தன நாள் வரும்?

நான் ராமநாதபுரத்துல ஜவுளிக்கடையில அடர்பச்சையில நாலு மீட்டர் நெருக்கமான பாலியஸ்டர் துணி எடுத்தேன். எங்க தெரு டைலர் அக்காகிட்ட படம் வரைஞ்சு குடுத்தேன்: தொப்பி மாதிரி தலையில மாட்டணும், பின்னாடி கழுத்து மறைஞ்சு தோள் வரைக்கும் தொங்கணும், முன்னாடி மூக்கு மேல வந்து பக்கத்துல கொக்கி மாட்டணும், மூக்குக்கு நேரா உள்பக்கம் ஒரு சின்ன மடிப்பு விட்டு மூச்சு விட எடம் வேணும். மொத தடவ தச்சது முக்குளிச்சு எந்திரிக்கும்போது தண்ணிய மொண்டுக்கிட்டு வந்துச்சு, அம்மா கோவத்துல அதை அவுத்து வத்தையில (சின்னப் படகுல) எறிஞ்சிருச்சு. அடுத்ததுல டைலர் அக்கா கீழ ஓரத்துல ரெண்டு ஓட்டை போட்டு தண்ணி வடியுற மாதிரி செஞ்சு குடுத்தாக. அது சரியா உக்காந்துருச்சு.

சின்னம்மா மூஞ்சி ஆற மூணு வாரம் ஆச்சு, மூக்குத்தண்டுல மட்டும் ஒரு கருப்புத் தழும்பு நிக்குது. டப்பாவுல மிச்சம் இருந்த மாத்திரைய தெனம் ஒண்ணா போட்டு முடிச்சிருச்சு, காசு குடுத்ததை எறிய மனசு வரலன்னு சொன்னுச்சு, நானும் போடட்டும்னு விட்டுட்டேன். போன பௌர்ணமிக்கு பச்சைத் தொப்பிய மாட்டிக்கிட்டு அம்மாவோட போயிட்டு வந்து, திண்ணையில உக்காந்து கொக்கிய அவுத்துட்டு, "காத்து வருதுத்தா இதுல"ன்னுச்சு. டப்பா வாங்குன 14 பேர்ல ஆறு பேரு அம்மாகிட்ட அளவு குடுத்து விட்டுருக்காக. அடுத்த அமாவாசைக்கு முன்னாடி தச்சாகணும், நாளைக்கு கடை முடிஞ்சு துணி எடுக்கப் போறேன்.